பன்னிரண்டாவது கையெழுத்து

"உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி அக்கா. போட்டுட்டீங்கன்னா மாசக் கடைசிக்குள்ள மேல்வீடு காலி."

குடியிருப்புச் சங்கச் செயலாளர் மனுவையும் பேனாவையும் சேர்த்து நீட்டினார். இரண்டாம் மாடிக்காரம்மா, தலை நுழையும் அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான்கு வருடமாக அந்தக் கதவு யாருக்கும் அதற்கு மேல் திறந்ததில்லை. முன்பு என்ன வேலை பார்த்தார், சொந்தபந்தம் உண்டா என்று ஒரு துப்பும் கிடைக்காமல் பாதிக் குடியிருப்புக்குத் தூக்கம் கெட்டுப் போயிருந்தது.

மனு, மூன்றாம் மாடிக்காரரைப் பற்றியது. அவர் ஜாஸ் கலைஞர். ஆளைவிட உயரமான வயலின் மாதிரி ஒன்றை நிற்கவைத்து, கட்டிப்பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டித் தும் தும் என்று வாசிப்பார். டபுள் பேஸ் என்று பெயராம். முப்பது வருடம் ஓட்டல்களிலும் கப்பல்களிலும் வாசித்தவர். சொந்தமாக மெட்டும் அமைப்பார். ஏழு இசைத்தட்டுகளின் பின்னட்டையில் பெயர் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால். இப்போது வீட்டிலேயே வகுப்பு. மாலை ஐந்தானால் அவரும் மாணவர்களுமாகச் சேர்ந்து கட்டிடத்தின் வயிற்றைப் பிசைவார்கள்.

அவர் குடிவந்த மறுமாதமே இந்தம்மா விவரம் தெரியாமல் நேர் கீழே வந்து மாட்டிக்கொண்டாரே என்று எல்லோருக்கும் பரிதாபம். மேலே வகுப்பு நடக்கும்போது, இவர் ஒட்டடைக் குச்சியைத் தலைகீழாகப் பிடித்துக் கூரையை இடிப்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே ஒட்டடைக்குச்சி அக்கா.

"பதினோரு வீட்டுல போட்டாச்சு. ரெண்டு காதும் கேக்காத முதல் மாடிப் பெரியவர்கூடப் போட்டுட்டார்."

"அவருக்கு என்ன குறை?"

"நாற்காலி நடுங்குதாம். ஆனா நேர் கீழ இருக்கறவங்க கையெழுத்து இல்லாம செல்லாதுன்னு வீட்டுச் சொந்தக்காரர் சொல்லிட்டார். நீங்கதானே ரொம்பப் பாதிக்கப்பட்டவங்க?"

"யார் சொன்னா?"

செயலாளர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் விட்டால் கை அரிக்கும்.

"போன செவ்வாய்க்கிழமை மட்டும் நானூத்திப் பதினாறு தடவை இடிச்சிருக்கீங்க. ஒரு மனுஷி எவ்வளவு நொந்திருந்தா இப்படி..."

"எண்ணினீங்களா?"

"படியில நின்னு, சுவத்துல காதை வெச்சு எண்ணினேன்."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா தம்பி?"

அறுபத்தொரு வயதில் தம்பி என்று அழைக்கப்பட்ட மகிழ்ச்சியில், கேள்வியைச் செயலாளர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நீங்களே நேர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"அந்த ஆளோட எனக்குப் பேச்சு கிடையாது."

"அப்படிச் சொல்லுங்க. அதே கோபத்தோட இங்க ஒரு கையெழுத்து."

அந்தம்மா மனுவையும் பேனாவையும் வாங்கினார். மூடியைக் கழற்றியவர் நிறுத்தினார்.

"இங்கேருந்து அனுப்பிட்டா அவர் எங்க போவார்?"

"ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கு பார்த்து வெச்சிருக்கோம். சுத்துப்பட்டுல ஈ காக்கா கிடையாது."

"கீழ் வீட்டுல யாரு?"

"கீழ் வீடா? தரைத்தளம் அக்கா. கீழ வெறும் மண்ணுதான்."

அந்தம்மா ஏதோ சொல்ல வந்து, உள்ளே கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அஞ்சாகப் போகுது. எனக்கு வேலை இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. மனுவும் பேனாவும் உள்ளே.

குச்சியை எடுக்கத்தான் போகிறார் என்று செயலாளருக்குப் புரிந்தது. நல்லது. நாலு இடி இடித்தால் ஆத்திரம் தலைக்கேறி, கையெழுத்து தானாக விழும். அதற்குள் மேலே போய் விஷயத்தைச் சொல்லி, அந்த மனிதரின் முகம் போகிற போக்கைப் பார்த்துவிடலாம்.

மேல்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. வாத்தியார் நடுவில். ஒரு பக்கம் மருந்துக்கடைக்காரர், மறுபக்கம் பேருந்து ஓட்டும் ஒரு பெண். மூவரும் ஆளுக்கொரு வாத்தியத்தைக் கட்டிப்பிடித்தபடி சும்மா நின்றார்கள்.

"பதினோரு வீட்டுல உங்க மேல புகார் குடுத்திருக்காங்க சார்."

"பதினோரு வீட்டுக்கும் கேக்குதா?"

"மொட்டை மாடித் தண்ணித் தொட்டி வரைக்கும் கேக்குது."

வாத்தியார் முகம் மலர்ந்தது. "முப்பது வருஷம் மேடையில நின்னேன். பாட்டு நல்லா இருந்துச்சும்பாங்க, பியானோ நல்லா இருந்துச்சும்பாங்க. என் வாத்தியம் காதுல விழுந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னதில்ல. இங்க எழுத்து மூலமாவே குடுத்திருக்காங்க."

"சிரிக்காதீங்க. பன்னண்டாவது, கீழ் வீட்டம்மா. பேனா இப்போ அவங்க கையில இருக்கு. போட்டுட்டா நீங்க காலி பண்ணணும்."

சிரிப்பு நின்றது. வாத்தியார் தரையைப் பார்த்தார்.

"அவங்க போட்டாங்கன்னா மாசக் கடைசி வரைக்கும் வேண்டாம் சார். நாளைக்கே போயிடறேன்."

மணி ஐந்தைத் தாண்டியது.

"ஆரம்பிக்கலாமா சார்?" என்றார் மருந்துக்கடைக்காரர் மெல்ல.

"இருங்க."

ஐந்து நிமிடம் போயிற்று. நான்கு வருடத்தில் முதல்முறையாக அந்த வேளையில் கட்டிடம் அமைதியாக இருந்தது. கேட்ட வரம் கிடைத்தும் செயலாளருக்கு என்னவோ போலிருந்தது.

"எதுக்காக இப்படிக் காத்துக்கிட்டு நிக்கறீங்க?"

வாத்தியார் விரலால் தரையைக் காட்டினார்.

காலடியில் கேட்டது. டொக். டொக். டொக். டொக். கோபமில்லாத, அளந்து வைத்த நாலு தட்டு. ஐந்தாவதில் மூன்று வாத்தியங்களும் ஒன்றாக எழுந்தன. கீழே தட்டல் நிற்காமல் கூடவே நடந்தது.

வாத்தியார் வாசிப்பை நிறுத்தாமல் செயலாளர் பக்கம் குனிந்தார். "விவாகரத்து அன்னிக்கே நீதிபதிகிட்ட தெளிவாச் சொல்லிட்டாங்க சார்: 'புருஷனைத்தான் விடறேன், எங்க குழுவுல டிரம்ஸ் வாசிக்கறதை விடல'ன்னு."