வேப்பமரம் இல்லாத தெரு

சாக்கடை மூடி உட்கார்ந்துவிட்டது. அவன் செருப்புக் காலால் ஒரு முறை மிதித்துப் பார்த்தான். ஆடவில்லை.

ஆட்கள் இருவரும் தள்ளுவண்டியோடு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். இனி அவன் வேலை. படம் எடுத்து நகராட்சிச் செயலியில் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் புகார் கொடுத்தவரின் போனுக்குக் கேள்வி போகும். குறை தீர்ந்ததா? ஆம், இல்லை. இரண்டில் ஒன்றை அமுக்குவார்கள்.

இந்தத் தடவை 'ஆம்' வந்தே ஆக வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு 'இல்லை' ஆகிவிட்டது. மூன்றாவதும் 'இல்லை' என்றால் புகார் தானாகவே ஆணையர் மேசைக்குப் போய்விடும். பழைய படங்களும் கூடவே போகும்.

பழைய படங்கள் என்ன, ஒரே படம்தான்.

வைகாசியில் எடுத்தது. பூங்கா வாசலில் ஒரு புத்தம் புதிய சாக்கடை மூடி. மேலே மூன்று வேப்பிலை விழுந்து கிடக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். மூடி வந்து இறங்காத மாதங்களில் பதினோரு தெருவின் புகாரை அந்தப் படத்தை வைத்தே முடித்திருந்தான். எங்கே எடுத்தாய் என்று செயலி கேட்பதில்லை. ஜனங்களும் கேட்கவில்லை. அவன் வார்டு மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தது. சுதந்திர தினத்தன்று மேடையேற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். மனைவி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறாள்.

இந்தத் தெருக்காரர் மட்டும் விடவில்லை.

சிவகடாட்சம் என்று பேர். முதல் 'இல்லை'யோடு ஒரு வரி எழுதியிருந்தார்.

'ஐயா, இது எங்க தெரு மூடி இல்ல.'

அவன் அதே படத்தை ஓரத்தில் கொஞ்சம் வெட்டி மறுபடியும் ஏற்றினான். அரை மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது.

'எங்க தெருவுல வேப்பமரமே கிடையாது ஐயா. மழைக்கு முந்திப் போட்டுருங்க.'

வேலைவெட்டி இல்லாத மனுஷன் என்று ஆபீசில் சொல்லிச் சிரித்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

அப்புறம் மழை வந்தது. வெளுத்து வாங்கியது. தெருவும் சாக்கடையும் ஒன்றாகிக் கிடந்த நாட்கள்.

நாற்பது நாளாக அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. விட்டது தொல்லை என்றுதான் இருந்தான். போன வாரம் மூடிகள் வந்து இறங்கின. எதற்கு வம்பு என்று முதல் மூடியை இந்தத் தெருவுக்கே கொண்டுவந்தான்.

வந்து பார்த்தால், குழிக்குள் யாரோ ஒரு கிளையை நட்டு வைத்திருந்தார்கள். பார்த்துப் போகச் சொல்லி. காய்ந்து போன கிளை. ஆட்கள் அதைப் பிடுங்கி ஓரமாக எறிந்துவிட்டுத்தான் மூடியைப் போட்டார்கள்.

போனைத் தூக்கிப் பிடித்தான்.

மூடியின் மேல் இலைகள் கிடந்தன.

மூன்று.

அவனுக்கு முதுகு சில்லிட்டது. நல்ல வெயில். மணி பதினொன்று கூட ஆகவில்லை. தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தான், அந்தக் கோடியைப் பார்த்தான். வேப்பமரம் என்ன, ஒரு முருங்கை கூட இல்லை. ஓரமாகக் கிடந்த கிளையைப் பார்த்தான். எங்கிருந்தோ ஒடித்து வந்த வேப்பங்கிளை.

அதுதானா என்று மூச்சு விட்டான். இலைகளைக் காலால் தள்ளிவிட்டான்.

மறுபடி போனைத் தூக்கினான். திரையில் ஒரு மஞ்சள் சதுரம் தோன்றியது. முகம் இருந்தால் தேடிப் பிடிக்கிற சதுரம் அது. மூடியில் நிற்காமல் மேலே ஏறியது. எதிர் வீட்டுச் சுவரில் போய் நின்றது.

சுவரில் ஒரு சுவரொட்டி. மழையில் கீழ்ப்பாதி வெளுத்திருந்தது. மேல்பாதியில் ஒரு முகம். கதர்ச் சட்டை, திருநீறு, லேசான சிரிப்பு.

கண்ணீர் அஞ்சலி.

பேரைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான்.

செத்தவர் 'இல்லை' என்று அமுக்க மாட்டார்.

அந்த நினைப்புத்தான் அவனுக்கு முதலில் வந்தது. வந்த பிறகுதான் கூசியது. சீ என்று தன்னையே சொல்லிக்கொண்டான்.

ஆனாலும் குனிந்தான். முகம் விழாமல் மூடியை மட்டும் எடுத்தான். ஏற்றினான்.

சுவருக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள், ஒரு போன் 'டிங்' என்றது.

அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

கதவு திறந்தது. வெறும் நெற்றியோடு ஓர் அம்மாள். கையில் போன். எழுத்து தெரிவதற்காக அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே வந்தாள். மூடியைப் பார்த்தாள். குனிந்து கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"கெட்டியா இருக்கு சார்" என்றாள். "அன்னைக்குத் தண்ணியில குழி தெரியாம அவுக இதுக்குள்ளதான் காலை விட்டாக. இடுப்பு எலும்பு போயிருச்சு. பத்தொம்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தாக."

குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

அவள் போனை அவனிடம் நீட்டினாள். அவன் சற்றுமுன் எடுத்த படம். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள்.

"நீங்க அனுப்புறதுக்கெல்லாம் அவுகதான் பதில் போடுவாக. எனக்கு இது பழக்கமில்ல. நீங்களே சொல்லுங்க சார், எதை அமுக்கணும்?"