ஒன்பது கிலோ

"இருக்கிறதிலேயே கனமான பேட்டரி எதுண்ணா?"

பேட்டரிக் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இருபது வருஷமாகக் கடை நடத்துகிறார். விலை குறைந்தது எது, வாரண்டி அதிகம் எது என்று கேட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கனமானது எது என்று கேட்டுக்கொண்டு இதுவரை ஒருவரும் படியேறியதில்லை.

"எந்த வண்டிக்கும்மா?"

"சின்ன ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. சிவப்புக் கலர்."

அப்போதுதான் அவருக்கு ஆள் பிடிபட்டது. "அட, கிராம் சார் வீட்டம்மாவா நீங்க?"

அவள் லேசாகச் சிரித்தாள். பட்டப்பெயர் வீடுவரைக்கும் போயிருந்தது. பின்னே, அந்த மனிதர் அடித்த கூத்து கொஞ்சமா நஞ்சமா? காரின் எடையைக் குறைக்கிறேன் என்று ரேடியோவைக் கழற்றினார், தரைவிரிப்பைப் பிடுங்கினார், பிரேக் பெடலில்கூட ஓட்டை போட்டார். கடைசியாக இந்தக் கடைக்கு வந்து நாலே கிலோ எடையுள்ள லித்தியம் பேட்டரி ஒன்றை வாங்கி, கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

"சார் நல்லா இருக்காரா? ஆறு மாசமா ஆளையே காணோமே."

"வீட்லதான் இருக்கார். வண்டி ஷெட்லயே கிடந்ததுல பேட்டரி செத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை ரேஸ். அதுக்குள்ள மாத்தியாகணும்."

ரேஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. கார் கிளப் நடத்தும் பந்தயம் எதையும் அவர் தவறவிட்டதில்லை.

"போன ரேஸ்ல எடை மேடைப் பக்கத்துலதான் நான் நின்னேன். குறைஞ்சபட்சம் இவ்வளவு எடை இருக்கணும்னு கிளப்ல ஒரு விதி இருக்கில்ல? அதைவிட ஒரே ஒரு கிலோதான் கூட. அப்படிக் குறைச்சுக் கொண்டுவந்திருந்தார் மனுஷன். எல்லாரும் வாயைப் பொளந்துட்டாங்க. அவர் வண்டிக்குப் போய்க் கனமான பேட்டரியாம்மா?"

சொல்லிக்கொண்டே மேல்தட்டிலிருந்து லித்தியம் பேட்டரியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. கீழே மூலையில் இருந்ததைக் காட்டினாள்.

"அது?"

"அது சாதா பேட்டரி. சைஸ் ஒன்னுதான். ஆனா கருங்கல் மாதிரி கனக்கும்."

"எடை போட்டுக் காட்டுங்கண்ணா."

பழைய பேட்டரிகளை எடைக்கு வாங்குவதற்காக வாசலில் ஒரு தராசு வைத்திருந்தார். முனகிக்கொண்டே அதில் சாதா பேட்டரியைத் தூக்கி வைத்தார். பதிமூன்று. அதை இறக்கிவிட்டு லித்தியத்தை வைத்தார். நான்கு. அவள் உதட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டாள்.

"ஒன்பது கிலோ வித்தியாசம். போதும். கனமானதையே குடுங்க."

அந்தப் 'போதும்' அவருக்குச் சுருக்கென்றது. ஆறு மாசமாக ஆள் ஏன் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை என்பது இப்போது விளங்கியது. பெண்டாட்டிக்குப் பந்தயம் பிடிக்கவில்லை. வண்டியை ஷெட்டில் போட்டுப் பூட்டியிருக்கிறாள். அதற்குமேல் தடுக்க முடியாமல், வண்டியையே நத்தையாக்கிவிடப் பார்க்கிறாள்.

"சார்கிட்டக் கேட்டீங்களா?"

"கேக்கலை. மேல கறுப்பு மூடி ஒன்னு வருமே, அதைப் போட்டுட்டா உள்ள எது இருக்குன்னு தெரியாதில்ல?"

"பார்த்தாத் தெரியாது."

வியாபாரம் செய்கிறவன் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இந்தக் கடையில் எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். ஒரு திருகாணியின் எடை குறைந்ததற்குக்கூடப் போன் செய்து சந்தோஷப்பட்டவர் கிராம் சார் ஒருவர்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவர் ஒவ்வொரு கிராமாக் குறைச்சுட்டு வர்றார். அவர் முதுகுக்குப் பின்னாடி ஒன்பது கிலோவை ஏத்துறது நியாயமே இல்லை. வேகமாப் போறது உங்களுக்குப் பயமா இருந்தா நேராச் சொல்லிடுங்க. இப்படிக் காலை வாரிவிடாதீங்க. இந்த பேட்டரியை நான் உங்களுக்குத் தர்றதா இல்லை."

கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் கோபப்படவில்லை.

"அவர் வேகமாத்தான் போகணும்ணா. எனக்கும் அதுதான் வேணும். டாக்டரே ஓட்டலாம்னு சொல்லிட்டார்."

"டாக்டரா?"

"அஞ்சு மாசம் ஆஸ்பத்திரி. போன மாசம்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். சாப்பிட மாட்டேன், மாத்திரை வேணாம்னு அடம்பிடிச்சப்பல்லாம் இந்த ரேஸைச் சொல்லிச் சொல்லித்தான் வாயில ஊட்டினேன். எடை மேடையில வண்டியை மட்டுமா ஏத்துறாங்க, உள்ள ஓட்டுறவரையும் உட்கார வெச்சுத்தானே எடை போடுறாங்க? குறைஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க."

கடைக்காரரின் கை தானாகவே தராசுக்குப் பக்கத்திலிருந்த கனமான பேட்டரியின் பக்கம் போனது.

"ஒரு கிலோதான் இளைச்சிருக்கோம்னு அவர் நினைச்சுட்டு இருக்கார். ஒன்பது குறைஞ்சுட்டாருண்ணா. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாருன்னு வீட்டு எடை மெஷினை ரிப்பேர்னு சொல்லி ஒளிச்சு வெச்சுட்டு, அவர் தூங்கும்போது அவரோட பேன்ட் இடுப்பை எல்லாம் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சுட்டு இருக்கேன்."