மேற்கு யன்னல்

கனகராயன்குளத்தில் மீனம்மாவின் வீட்டுக்குப் பிளான் கீறிய தயாளினி, காணிப் பக்கமே போகாமல் பிரதேச சபையின் அனுமதிப் படிவத்தை நிரப்பியிருந்தாள். மின்சாரச் சிக்கனப் பகுதியில், ‘மேற்கே பெரிய யன்னல், காற்றோட்டம் போதும்’ என்று வேறொரு பழைய வீட்டின் படிவத்தைப் பார்த்து எழுதிக் கையெழுத்தும் வைத்தாள். வீடு முடிந்து சான்றிதழ் வேலைக்காக வந்தபோது, மேற்கே யன்னலே இல்லை. ஓட்டையொன்றுமில்லாத முழுச் சுவரில் ஒரு திரைச்சேலை தொங்கியது.

“யன்னலுக்கு வசதிப்படேல்ல மிஸ். சபையாக்கள் வந்து பார்த்தா உங்களுக்கெல்லோ பிரச்சினை? அதுதான் என்ர சீலையைத் தொங்கவிட்டனான்,” என்றாள் மீனம்மா.

தயாளினி பையிலிருந்து படிவத்தை வெளியே எடுத்தாள்.

“கழட்டுங்கோ அம்மா. நான் திருத்தி எழுதிறன்.”

“ஐயோ வேண்டாம் மிஸ், காத்து நிண்டிடும்.”

சுவரை விட்டு எழும்பி உப்பிய சேலை, படிவத்தின்மேல் குனிந்திருந்த தயாளினியின் தலைமயிரைக் கலைத்தது.