சுவரில் மூன்று பெண்கள்

"இந்த நீலச் சீலைக்காரி எந்த வருசம், மாப்பிள்ளே?"

"நாப்பத்தாறுங்க மாமா. கீழேயே எழுதி ஒட்டியிருக்கேன் பாருங்க."

ஆஞ்சப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. காவேரிப்பட்டினத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த திம்மராயன், கிணற்றையும் மாட்டையும் விசாரிக்காமல் அட்டைப்படங்களின் முன்னால் வந்து நின்றுவிட்டார். முப்பது வயதுவரை தள்ளிப்போன கல்யாணம், கடைசியில் கலை தெரிந்த மாமனாருக்காகத்தான் காத்திருந்ததோ!

பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடிச் சேர்த்ததில் பொறுக்கியெடுத்த மூன்று அட்டைகள் அவை. பத்திரிகைப் பெயரை நறுக்கிவிட்டு, பெங்களூரில் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்திருந்தான். வருகிறவர்கள் மெச்சட்டுமே என்று இன்று ஆளுக்கொரு கனகாம்பரச் சரமும் சாத்தியிருந்தான்.

"இந்தச் சிரிச்ச மூஞ்சி?"

"நாப்பத்தொம்பது. எனக்கு உசுரே இவதாங்க."

"கொடத்தோட நிக்கிறது?"

"அம்பத்திரண்டு. மூணு வருசமாச்சு, அதோட நிறுத்திட்டேன். இப்பெல்லாம் இவ்வளவு லட்சணமாக் கெடைக்கிறதில்லைங்க."

திம்மராயன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓவியத்துக்கு இப்படி உருகும் மனிதரா! ஆஞ்சப்பனுக்கும் கண் கலங்கியது.

அவர் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தரகர் இதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல தம்பி. மூணு பொண்டாட்டியப் பறிகுடுத்தும் வருசம் மறக்காம, பூ வாடாம வெச்சிருக்கீங்க. தங்கமான மனசு. ஆனா எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு சாமி. அவள மட்டும் இந்தச் செவுத்துல மாட்டாம விட்டுருங்க!"