சக்கரத்தடி எலுமிச்சை

எதிரியின் டாங்கிகள் பாலத்தைத் தாண்டிவிட்டன. ஊரைக் காக்க மிச்சமிருந்த ஒரே ஆளில்லா டாங்கியோ பணிமனையைவிட்டு அசையாமல், “முன்னால் கண்ணிவெடி” என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்த மெக்கானிக் குமுதவல்லிக்குக் காரணம் புரிந்தது. காலையில் பூசை போட்டு, எல்லாப் புது வண்டிக்கும் செய்வதுபோல் அதன் இரும்புப் பட்டைகளுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தவளே அவள்தான்.

வலப்பக்கப் பழத்தை எட்டி எடுத்துவிட்டாள். இடப்பக்கத்தது உள்ளே உருண்டிருந்தது. பட்டைக்கு நேரே குப்புறப் படுத்தால்தான் கைக்கு அகப்படும்.

“இருங்கக்கா, ஆஃப் பண்ணிடுறேன்” என்றான் உடன் வேலை செய்யும் சூசை.

“திரும்பக் கிளப்ப ஒரு மணி நேரமாகும். அதுக்குள்ள ஊர் இருக்காது.”

“பழத்தை எடுத்ததுமே கிளம்பிடும்க்கா. வெடிக்குத்தான் நிக்கும், ஆளுக்கு நிக்காது.”

“தெரியும். அப்படிப் பழக்குனதே நாமதான” என்றபடி படுத்துக் கையை நீட்டினாள். பழம் விரலில் பட்டது. இழுத்தாள்.

“பாதை சரி” என்றது டாங்கி.