பிணமாக நடித்தவன்

காதலும் கொலையும் சிரிப்புமாய் எடுத்திருந்த அந்தப் படத்தை எல்லோரும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 'பிணம்கூட மூச்சு விடுகிறது, இயக்குநர் கவனிக்கவில்லை' என்று ஒரு விமர்சனம் கேலி செய்தது. அதைப் படித்ததும் அமலி மாலைக் காட்சிக்கு ஓடினாள். பிணமாகப் படுத்திருந்தது அவள் கணவன் சூசை. இளைப்பு நோய்க்காரன், மூச்சை அடக்க வரவில்லை. படம் வெளிவருவதற்குள் நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டான். திரையில் அவன் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. அரங்கமே கைகொட்டிச் சிரித்தது. அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். டிக்கெட் கிழிப்பவருக்கு ஆச்சரியம். "இந்தப் படத்துக்கு எந்திரிச்சு ஓடினவங்கதான் உண்டு. திரும்பி வந்தது நீங்க ஒருத்தர்தான்க்கா! கவலப்படாதீங்க, விமர்சனத்துல சொன்ன தப்பையெல்லாம் சரிபண்ணி அனுப்பிட்டாங்க." அந்தக் காட்சி வந்தது. சூசை அசையாமல் கிடந்தான். யாரும் சிரிக்கவில்லை. "அப்பா மூச்சு விடுவாருன்னு சொன்னியேம்மா?" என்று மகள் கிசுகிசுத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அமலி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "இரும்மா. இப்ப விடுவாரு."