பச்சை லோஷன்

"முடியாதுன்னா முடியாதுதான்! லோஷன் போட்டுத் துடைக்காத வீடும் ஒரு வீடா?"

மாமியார் பச்சை பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, டாக்டர் சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க? இந்த நெடிதான் நம்ம பொடிசோட மூச்சுக்கு ஆகலையாம். ரூம் ஸ்ப்ரே வேண்டாம், கொசுவர்த்தி வேண்டாம், லோஷன் வேண்டாம். சோப்புத் தண்ணியில துடைச்சு, ஜன்னலைத் திறந்து வையுங்கன்னாரே!"

"அந்த டாக்டர் பொறக்கறதுக்கு முன்னாடியே துடைப்பம் பிடிச்சவ நான். உன் புருஷனை இந்த வாசனையிலதான் வளர்த்தேன். அவனுக்கு மூச்சு நின்னா போச்சு?"

மருமகளின் புருஷன் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்த நிமிஷம் அவனுக்கு மூச்சு நின்றுதான் போயிருந்தது.

ஸ்ப்ரேயும் கொசுவர்த்தியும் மருமகள் வாங்கியவை, டாக்டர் சொன்ன கையோடு வீட்டைவிட்டுப் போய்விட்டன. இந்தப் பச்சை பூதம் மட்டும் அசைய மறுக்கிறது. பொடிசோ பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். மாடிப்படி ஏறுவதற்குள்ளேயே நெஞ்சு விசில் அடிக்கிறது, பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள்.

இனிப் பேசிப் பிரயோஜனமில்லை. மருமகள் திருட்டு வேலையில் இறங்கினாள்.

மறுநாள் காலை மாமியார் பால் வாங்கக் கிளம்பியதும் பாத்ரூமுக்குப் பாய்ந்தாள். மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றித் தள்ளினாள். பிறகு அதே பாட்டிலில் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கேக்குக்குப் போடுகிற பச்சைக் கலர் இரண்டு சொட்டு. மூடி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டு அவசர அவசரமாக வெளியே வந்தாள். வாசலில் செருப்புச் சத்தம்!

அன்று சாயங்காலம் மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து பயந்துகொண்டேதான் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"பார்த்தியா, வீடு எப்படிக் கமகமன்னு இருக்குன்னு! இதைப் போயி வேண்டாம்னியே!" என்றாள் மாமியார்.

மருமகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அத்தைக்கு மூக்கு மரத்துப் போய்விட்டது. வாழ்க அந்த மூக்கு!

அதன்பின் மாமியார் புது லோஷன் கொண்டுவந்து வைப்பதும், மருமகள் துணி கட்டிக்கொண்டு கொட்டுவதும் வாடிக்கையாகிப் போனது. ஒவ்வொரு தடவையும் பரீட்சையில் காப்பியடித்த குஷி! கடையில் வாடிக்கையாளருக்கு ஃபிரேம் மாட்டிப் பார்க்கும்போதுகூடத் தானாகச் சிரித்துக்கொண்டாள். பச்சைக் கலர்தான் தண்ணீராய்ச் செலவானது. கூடையில் எலுமிச்சம்பழமும் தங்குவதே இல்லை. புருஷன் ஜூஸ் போட்டுக் குடிக்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

பொடிசின் நெஞ்சில் விசில் மெல்ல அடங்கியது. படி ஏறினாள். படியில் ஓடினாள். ஒருநாள் தாவியே ஏறிவிட்டாள்!

பந்தயத்தன்று கேட்கவே வேண்டாம். மூன்றாவதாக ஓடி வந்து, இருமாமல், மூச்சிரைக்காமல், "அம்மா, நான் நிக்கவே இல்லை!" என்று கத்தினாள். மருமகளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பினால் எதிர்வீட்டு டெய்லரக்கா வாசலில் காத்திருந்தாள். "எப்படிம்மா பொடிசுக்குக் குணமாச்சு? எந்த டாக்டர்?"

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். "டாக்டராவது ஒண்ணாவது! எல்லாம் என் லோஷன் மகிமை! கிருமி ஓடிச்சு, புள்ளையும் ஓடிடுச்சு!"

இத்தனை நாள் அடக்கியது அத்தனையும் மருமகளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இன்றைக்குப் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான்! காலையில்தான் மாமியார் புது லோஷன் வைத்திருந்தாள். பந்தய அவசரத்தில் மருமகள் அதை இன்னும் மாற்றவில்லை. அந்த நிஜ லோஷனை அத்தையின் மூக்குக்கு நேரே நீட்டி, 'இதுதான் லோஷன், நீங்க இத்தனை நாள் துடைச்சது வெறும் சோப்புத் தண்ணி' என்று சொல்லிவிடலாம்.

பாத்ரூமுக்கு ஓடினாள். ஓடிய வேகத்தில் மூக்குக்குத் துணி கட்ட மறந்துபோனது. மூடியைத் திறந்தாள்.

நெடியைக் காணோம்.

இன்னும் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள். சோப்பும் எலுமிச்சையும் இதமாக மணந்தன.

"கொட்டிடாதே!"

திரும்பினாள். கதவைப் பிடித்துக்கொண்டு மாமியார் நின்றாள். வாசலில் இருந்த மிடுக்கு முகத்தில் இல்லை.

"அத்தை, இது..."

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே லோஷனைக் கொட்டிட்டேன். எனக்கு மட்டும் பேத்தி இல்லையா? அவ்வளவு சத்தம் போட்டுட்டு, மறுநாளே உன்கிட்ட எப்படி இறங்கி வர்றதுன்னுதான் வெளியே சொல்லலை."



மாமியார் பாட்டிலை மெதுவாக வாங்கி மூடினாள்.

"இனிமேலாவது கொட்டாதேம்மா. எலுமிச்சை வாசம் போனாலே என் மூக்குக்குத் தெரிஞ்சுடும். நீ கொட்டக் கொட்டப் புதுசா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பிழிஞ்சு எனக்குக் கை விட்டுப்போச்சு!"